கை தூக்கினால் நிற்கிற வண்டி

உங்கள் ஆட்டோவை எடுத்துப்போக நாளைக் காலையில் ஆள் வருகிறது. அதற்குள் துடைத்துவைக்கலாம் என்று டிரைவர் சீட்டைத் தூக்கினேன். பழைய துணி, ஸ்பேனர், காலி ஊதுபத்தி டப்பா. அதற்கெல்லாம் அடியில், பேப்பரில் சுற்றிய பட்டைக் கட்டு ஒன்று. பிரியாணிக்குப் போடுகிற அதே பட்டைதான். டீசல் வாடையையும் மீறி அது மணந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம். அழுகை அப்புறம்தான் வந்தது.

நாம் இருபத்துமூன்று வருஷம் குடும்பம் நடத்திய லட்சணம் சேரப்பணஞ்சேரிக்கே தெரியும். பிள்ளைப்பாக்கத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனியில் நான். ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவே ஷேர் ஆட்டோவில் நீங்கள். ஷிப்ட் விடுகிற நேரம்தான் உங்களுக்குப் பிழைப்பு. நான் வீட்டுக்கு வந்து உலை வைக்கும்போது நீங்கள் கூட்ரோட்டில் சவாரிக்கு நிற்பீர்கள். நாம் உட்கார்ந்து பேசியதைவிட, சாப்பாடு மூடிவைத்திருக்கிறேன் என்று நான் போனில் சொன்னதுதான் அதிகம். அதனால்தான் நம் மகள் ரேவதி வேலைக்குப் போன கையோடு நம்மை இலங்கைக்கு அனுப்புகிறேன் என்றபோது, நான் ஒன்றே ஒன்று கேட்டேன். கோயில் வேண்டாம், கடைவீதி வேண்டாம், ஐந்து நாள் உங்கப்பா எனக்கு மட்டும் வேண்டும் என்றேன்.

அவள் என்ன செய்தாள்? அந்த ஊரில் சுற்றுலா வருகிறவர்கள் தாங்களே ஓட்டிப்போக ஆட்டோ வாடகைக்குக் கிடைக்கிறது என்று அதையே ஏற்பாடு செய்துவிட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்ட கதை.

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. கடலை ஒட்டியே ரோடு, அதை ஒட்டியே ரயில் தண்டவாளம், நான் பின்சீட்டில் மகாராணி. இரண்டாம் நாள் காலி என்கிற ஊரின் பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது உங்கள் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. தலை வெளியே நீண்டது. "மாத்தறை, மாத்தறை, மாத்தறை" என்று கூவினீர்கள். நாம் அடுத்துப் போக வேண்டிய ஊர் அது. நான் சுதாரிப்பதற்குள் நான்கு பேர் ஏறிவிட்டார்கள், ஒருவர் மீன்கூடையோடு.

"இன்னாங்க இது?" என்றேன், ஓரத்தில் நசுங்கிக்கொண்டு.

"வாய்ப் பழக்கம் மா. ஏறிட்டாங்க, எறக்கி வுட முடியுமா?"

அவர்களுக்குச் சிங்களம், உங்களுக்கு நம்மூர்த் தமிழ். மாத்தறை வரும்வரை பேச்சு ஓயவில்லை. மீன்கூடைக்காரர் இறங்கும்போது உங்கள் தோளைத் தட்டிக்கொடுத்தார், ஏதோ கூடப் பிறந்தவர் மாதிரி. இந்த மனுஷனுக்கு எந்த ஊரும் வெளியூர் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். பெருமையாகத்தான் இருந்தது, உங்களிடம் சொல்லவில்லை.

நான்காம் நாள் உங்களிடம் சத்தியம் வாங்கினேன். அந்த நாட்டின் தென்கோடியில் ஒரு கலங்கரை விளக்கம். அங்கே சாயங்காலம் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க வேண்டும், நீங்களும் நானும் மட்டும், வழியில் யாரையும் ஏற்றக் கூடாது. தலையில் அடித்துச் சத்தியம் செய்தீர்கள். பாதி வழியில் பட்டைக் கட்டுகளைத் தோளில் சுமந்துகொண்டு நின்ற ஒரு பெரியவர் கை தூக்கினார்.

"யோவ், நிறுத்தாத" என்றேன். கோபம் வந்தால் என் வாயில் மரியாதை நிற்காது.

நிறுத்திவிட்டீர்கள். அவர் ஊர் கடற்கரையை விட்டு உள்ளே எங்கோ மேட்டில் இருந்தது. அவரை இறக்கிவிட்டு நாம் கலங்கரை விளக்கத்தடிக்கு வந்தபோது கடல் கறுத்திருந்தது.

"அவுரு பஸ்ல போவ மாட்டாரா?"

"போவாரு. ஆனா நம்மள பாத்து கைய தூக்கிட்டாரே மா. தூக்குன கைய சும்மா எறக்க வுடக் கூடாது."

கொழும்பு வரும்வரை நான் உங்களோடு பேசவில்லை. அந்தப் பெரியவர் கொடுத்த பட்டையை வூட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது என்று மட்டும் சொன்னேன். நீங்களும் கொண்டுவரவில்லை. இத்தனை நாளும் அதன் மேல்தான் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறீர்கள்.

ஆறு மாதம் கழித்து வடக்குப்பட்டுப் பக்கம் நெஞ்சு வலி வந்து, வண்டியை ஓரங்கட்டி, நீங்கள் கை தூக்கினீர்கள். கார்கள் போயின, கன்டெய்னர் லாரிகள் போயின. ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன ஒரு கம்பெனி பஸ் நின்றது. அதிலிருந்த பெண் ஒருத்தி உங்கள் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, அண்ணன் எங்க பஸ்லதான் கீறாரு. ஆஸ்பத்திரிக்குப் போய்கினு கீறோம். பயப்படாத." அந்த பஸ்ஸில் யாரும் நடுவில் இறங்கிக்கொள்ளவில்லை. அத்தனை பேருக்கும் அன்று கம்பெனி வாசலில் கார்டு பஞ்ச் லேட்.

பத்து நிமிஷம் தள்ளியிருந்தால் ரோட்டிலேயே போயிருப்பார் என்றார் டாக்டர். நீங்கள் இரண்டு நாள் இருந்தீர்கள். எனக்கு ஷிப்ட் இல்லை, உங்களுக்குச் சவாரி இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு சூரியன காட்டாம வுட்டுட்டேன் இல்ல?" என்றீர்கள். "சூரியன் எங்க போவப் போவுது, நீங்க பேசுங்க" என்றேன். பேசினீர்கள். இருபத்துமூன்று வருஷத்தில் பேசாததையெல்லாம் பேசினோம். நான் ஐந்து நாள் கேட்டேன். எனக்குக் கிடைத்த அந்த இரண்டு நாளும், யாரோ ஒருவர் உங்கள் கையைச் சும்மா இறங்க விடாததால் கிடைத்தது.

உங்களைப் போல ஒரு மனுஷனோடு வாழ்ந்ததை நான் அப்போதே கொண்டாடியிருக்க வேண்டும். பட்டையை இப்போது வீட்டுக்குள் கொண்டுவந்து அரிசிப்பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

கம்பெனி பஸ்ஸில் நான் இப்போதெல்லாம் டிரைவருக்குப் பின்சீட்டில்தான் உட்காருகிறேன். ரோட்டோரம் யாராவது கை தூக்கினால் முதல் குரல் என்னுடையது. "அண்ணே, நிறுத்துங்க." பஞ்ச் லேட்டானால் சூப்பர்வைசரிடம் நான் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.