பெஞ்சுக்கு மார்க் போடுகிறவர்கள்

மார்ச் 4

தன் வீட்டு ஃபிரிட்ஜின் சத்தத்தை மட்டும் இணையத்தில் பதிவேற்றுகிற அந்த ஆள் இன்று புது ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டார். கேட்கிற நாங்கள் இரண்டு கட்சியாகிவிட்டோம். பழையதின் இருமல் இதில் இல்லை என்று ஒரு கூட்டம். மனிதர் வீட்டில் பால் கெடாமல் இருக்க வேண்டாமா என்று இன்னொரு கூட்டம். பல் செட் செய்யும் எங்கள் லேபில் சாப்பாட்டு நேரத்தில் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். எதிரே மெழுகு உருக்கிக்கொண்டிருந்த சீனியர், "யாரும்மா போன்ல, மாப்பிள்ளையா?" என்றார். ஆமாம் சார், ரொம்பக் குளிர்ந்த சுபாவம் என்றேன்.

மார்ச் 6

அக்கா வந்துவிட்டாள். ஒரு பெட்டி, ஒரு தோள்பை. "கொஞ்ச நாள் இங்க இருக்கட்டுமாடி?" என்று வாசலில் நின்றே கேட்டாள். இது என்ன கேள்வி?

மார்ச் 9

அத்தான் அடிக்கவில்லை, குடிக்கவில்லை. அதனால்தான் அம்மாவுக்குப் புரியமாட்டேன் என்கிறது. அவர் பேசமாட்டார். கோபம் வந்தால் மாதக்கணக்கில் பேசமாட்டார். தட்டை நகர்த்தி வைப்பது, கதவைச் சாத்துவது, அவ்வளவுதான். இந்த முறை எதற்குக் கோபம் என்றே அக்காவுக்குத் தெரியாதாம். "தெரிஞ்சா மன்னிப்பாவது கேட்டிருப்பேன்" என்றாள். ஒரே வீட்டில் இருந்தபோது வாய் திறக்காத மனிதர் இப்போது ஓயாமல் போன் அடிக்கிறார்.

ஊரில் இருக்கிற அம்மாவிடம் போனில் சொன்னேன். "பேசாம இருக்கறதெல்லாம் ஒரு குத்தமா? உங்கப்பா பேசியா நான் குடும்பம் நடத்தினேன்?" என்றாள். சுருக்கென்றது.

மார்ச் 15

நான் கிளம்பும்போது அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். வரும்போதும் அதே சுவர். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. வாயில் பல்லே இல்லாதவருக்குச் சிரிப்பு செய்து கொடுப்பேன், இவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழவில்லை. ஏன் இப்படி இருக்கிறேன்?

மார்ச் 18

டாக்டரிடம் அழைத்துப்போனேன். மாத்திரை எழுதினார். தினமும் கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வரச் சொன்னார். அக்கா நன்றாகத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள்.

மார்ச் 22

ஞாயிறு. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன் போல. சுவர்ப் பக்கமிருந்து குரல்: "என்னடி?"

பார்த்துக்கொண்டிருந்த டேப்லெட்டை அவளிடம் நீட்டினேன். பொது இடத்து பெஞ்சுகளுக்கு மார்க் போடும் இணையதளம் அது. பல ஊர்க்காரர்கள் படம் எடுத்துப் போடுவார்கள். 'மரக்கால்' என்ற பெயரில் எழுதும் ஒருவர்தான் நடத்துகிறார். சட்டம் இரண்டே. கொஞ்ச நேரமாவது உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதவேண்டும். படத்தில் யார் முகமும் வரக்கூடாது. 'ஐந்துக்கு மூன்று, வெயில் சாய்ந்தால் நான்கு' என்று ஒருவர் எழுதியிருந்ததற்குத்தான் நான் சிரித்தது.

நீண்ட நேரம் படித்தாள். "இவங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?"

இத்தனை நாளில் அவள் சொன்ன மிக நீளமான வாக்கியம்.

மார்ச் 23

டேப்லெட் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை.

மார்ச் 30

நேற்று நடந்ததை இப்போதுதான் எழுத முடிகிறது.

லேபில் அவசர வேலை என்று ஞாயிறும் போயிருந்தேன். திரும்பினால் வீடு பூட்டியிருக்கிறது. போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. என் சாவியால் திறந்து உள்ளே போய் முதலில் மாத்திரை அட்டையைத்தான் தேடினேன். எல்லாம் அப்படியே இருந்தது. எதிர்வீட்டு நர்ஸ், மத்தியானமே படியிறங்கிப் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். கையில் பைகூட இல்லையாம். ஆற்றுப் பாலத்துக்கு ஓடினேன். ஏன் அங்கே ஓடினேன் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே இல்லை. அத்தானுக்கு அடித்தேன். "அங்க இல்லையா?" என்றபோது அவர் குரல் நடுங்கியது. அதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

காவல் நிலைய வாசல்வரை வந்துவிட்டேன். உள்ளே போகக் கால் வரவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போனைப் பார்த்தேன். பழக்க தோஷம், விரல் தானாக அந்தத் தளத்தைத் திறந்தது.

புதுப் பதிவு. எழுதியவர் பெயர் 'சுவர்'. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பூங்கா. சாம்பல் நிறக் கல் பெஞ்சு. படத்தின் அடியில் ஒரு ஜோடிச் செருப்பு. இடது செருப்பின் வாரில் இளஞ்சிவப்பு ஒட்டு. பல் செட்டுக்கு ஈறு செய்கிற பிசினால் நான்தான் போன வாரம் ஒட்டிக் கொடுத்தேன். உலகத்தில் வேறு யார் செருப்புக்கும் ஈறு இருக்காது.

கீழே எழுதியிருந்தாள்: 'ஐந்துக்கு ஒன்று. முதுகு சாய இடமில்லை. உட்காருகிறவர் சீக்கிரம் எழுந்து போகட்டும் என்றே செய்திருக்கிறார்கள். இப்படி ஒரு வீட்டில் நான் இருந்திருக்கிறேன்.'

ஓடினேன். அங்கேயே உட்கார்ந்திருந்தாள். "ஏன்டி இப்படி மூச்சு வாங்குது உனக்கு?"

"போன எடுக்கத் தெரியாதா? செத்தே போயிருப்பேன் நான்."

அவர் விடாமல் கூப்பிடுகிறார் என்று சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாளாம். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். நான் எதற்குப் பயந்தேன் என்று புரிந்துவிட்டது. "சே... அதெல்லாம் இல்லடி. சும்மா உட்காரணும்னு தோணிச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். முதுகு சாய நிஜமாகவே இடமில்லை.

மார்ச் 31

மரக்கால் பதில் போட்டிருக்கிறார்: 'ஒன்றே அதிகம். இன்னும் எழுதுங்கள், சுவர்.' அக்கா அதை என்னிடம் மூன்று தடவை காட்டிவிட்டாள்.

ஏப்ரல் 12

அத்தான் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, "போதும், கிளம்பு" என்றார்.

"என்ன கோபம்னு மட்டும் சொல்லுங்க. வரேன்" என்றாள் அக்கா.

அவர் ஜன்னலைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். உண்மையிலேயே காத்திருந்தாள், நான் பார்த்தேன். அவர் முன்னால் வைத்த தேநீர் ஆடை கட்டிவிட்டது. கடைசியில் எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்தாள். "சரி, பார்த்துப் போங்க."



ஏப்ரல் 13

அம்மா போனில் துளைத்தெடுத்தாள், அவர் என்னதான் சொன்னார் என்று. "ஒண்ணும் சொல்லலம்மா. அதான் விஷயமே" என்றாள் அக்கா. அதற்கு அம்மா, "சரி... சாப்பிட்டியா?" என்றாளாம். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மே 8

அக்காவுக்கு மருந்துக் கடை கவுண்டரில் வேலை கிடைத்து இது முதல் வாரம். இன்று வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கட்டிலில் விழுந்தாள். "நின்னு நின்னு கால் யாருதுன்னே தெரியலடி." கடைக்கு வந்த ஒரு பெரியவரைப் பற்றி ஆரம்பித்தாள். மருந்துப் பெயர் தெரியாது, மஞ்சளாக உருண்டையாக இருக்கும் என்று மட்டும் சொன்னாராம். கடையில் இருந்த மஞ்சள் மாத்திரையை எல்லாம் எடுத்துக் காட்டினாளாம். "அப்புறம் அவர் பொண்டாட்டிக்குப் போன் போட்டு..." என்றவள் அதற்கு மேல் பேசவில்லை. திரும்பினால், வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிவிட்டிருந்தாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு, என் தலையணையை எடுத்துக்கொண்டு கீழே பாய் விரித்தேன். அந்தப் பெரியவர் கடைசியில் எதை வாங்கினார் என்று நாளைக்குக் கேட்கவேண்டும்.