வர்ஜீனியாவுக்கு வாய்க்கால் கரை வழியாக

இன்று காலை சாலையோரப் புளியமரங்களுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்ததும் நின்றுவிட்டேன். "அங்கேயும் வழி தெரியறதுக்கு மரத்துக்கு மரம் வெள்ளைக் கோடு போட்டிருக்காங்களாம் புள்ள" என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது.

அப்போது உனக்கு இரண்டாவது தடவையாக விசா கிடைக்காமல் போயிருந்தது. அமெரிக்காவில் இருக்கும் உன் மகனைப் பார்த்து ஆறு வருஷம். அவன் வீட்டுப் பக்கம் மலைமேல் ஒரு நடைபாதை போகிறதாம். ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரைக்கும் பதினாலு மாநிலம். அவன் அனுப்பிய வரைபடத்தை என் முன்னால் விரித்து, "பிளேன்ல விடமாட்டேங்கிறாங்க, நான் நடந்தே போயிடறேன்" என்றாய். குடவாசல் வாய்க்கால் கரையில் மதகு வரை போய்த் திரும்பினால் ஐந்து கிலோமீட்டர். தினமும் நடப்பதைப் படத்தில் போட்டிருந்த தூரக் கணக்குப்படி சிவப்புப் பேனாவால் கோடாக இழுத்துக்கொண்டே போய், நாலாவது மாநிலமான வர்ஜீனியாவில் மகன் ஊரைத் தொட்டுவிட வேண்டும். உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றேன். மறுநாள் உனக்கு முன்னால் கரையில் போய் நின்றவளும் நான்தான்.

எத்தனை கேள்வி உனக்கு! கரைமேட்டில் மூச்சு வாங்கினால் டென்னசி மலை என்பாய். கரடிக்குப் பயந்து சாப்பாட்டு மூட்டையை மரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள் என்று மகன் சொன்னானாம். "புளிச்சோத்தைக் கரடி தின்னுமா?" என்று என்னைக் கேட்டாய், நான் என்னவோ கரடி வளர்த்தவள் மாதிரி. வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்கு வழியெல்லாம் மோர் கொடுக்கிறார்களே, அங்கே யார் கொடுப்பார்கள் என்று உனக்கு ஒரே கவலை. முன்பின் தெரியாதவர்கள் பெட்டியில் ஜூஸும் பழமும் வைத்துவிட்டுப் போவார்கள் என்று அவன் சொன்ன பிறகுதான் உனக்கு அந்த ஊர்மேல் நம்பிக்கை வந்தது.

சிவப்புக் கோடு மகன் ஊரைத் தொட்ட அன்று தேங்காய்ப்பாலில் இனிப்பாக வட்டலப்பம் செய்து கரைக்கே கொண்டுவந்தாய். அவனுக்குப் போன் போட்டு, "வந்துட்டேன்டா தம்பி, கதவைத் தொற" என்றாய். எத்தனை கிலோமீட்டர் நடந்தாய் என்று அவன் கேட்டான், சொன்னாய். பிறகு மெதுவாக, "அம்மா, படத்துல போட்டிருக்கறது மைலு" என்றான். இத்தனை மாதம் நடந்தும் பாதி வழியைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீயோ படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "வர்ஜீனியாவுக்குள்ள வந்தாச்சுல்ல, வீட்டைக் கண்டுபிடிக்கறதுதான் பாக்கி" என்று என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாய்.

அடுத்த இரண்டாம் மாதம் உன் நெஞ்சு நின்றுபோனது. அவனால் மூன்றாம் நாள்தான் வந்து சேர முடிந்தது. நாலு நாள் இருந்தான். போகும்போது படத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

மிச்ச வழியைத் தனியாக நடந்தேன். உன்மேல் கோபமாகக்கூட நடந்திருக்கிறேன். இன்று மதகிலிருந்து திரும்பியபோது அந்தத் தூரமும் முடிந்தது. வீட்டுக்கு வந்து கோட்டை அவன் ஊரில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பேனாவை மூடிவைத்திருக்க வேண்டும், முடியவில்லை. அதற்கு மேலே இன்னும் பத்து மாநிலம் கிடக்கிறது. எனக்கு அங்கே ஒருவரும் இல்லை. ஆனாலும் அந்த மலையிலிருந்து இறங்கினால் என்ன ஊர், அங்கே என்ன விளையும், என்ன சாப்பிடுவார்கள் என்று மனசு கேட்டுக்கொண்டே இருக்கிறது. இது உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட வியாதி.

நாளைக் காலையில் கிளம்புகிறேன். நீ வர வேண்டாம். உன் பிள்ளை வீட்டிலேயே இரு.