நாங்கள் என்றுதான் சொன்னேன்

ஒக்டோபர் 5, 2024 – சனி

எழுதவே கூச்சமாக இருக்கிறது. இன்று காலை ஷரோனுக்கு அவசரமாக ஒரு துயரம் தேவைப்பட்டது. என்னிடம் இருக்கவில்லை. என் சிநேகிதி சிறிதேவியுடையதை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

என் மகளுக்கு டொக்டராக வேண்டும். நோர்வேயில் புள்ளியை மட்டும்தான் பார்ப்பார்கள். அவளுடைய சராசரி மயிரிழையில் குறைந்துபோனது. அதனால் வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறாள். (பெயரை எழுதமாட்டேன். நாவூறு பட்டுவிடும்.) அங்கே புள்ளி மட்டும் போதாதாம், கட்டுரையும் வேண்டுமாம். தலைப்பு: உங்கள் பின்னணி எங்கள் கல்லூரியின் பன்முகத்தன்மைக்கு என்ன சேர்க்கும்? மீன்குழம்பு சேர்க்கும் என்று போடு என்றேன். அவள் சிரிக்கவில்லை.

“அம்மா, பகிடி வேண்டாம். எங்கட குடும்பத்திலை நடந்தது ஏதாவது சொல்லுங்கோ.”

எயர்போர்ட் கதையைச் சொன்னேன். எங்கள் பகுதி மோர்டென்ஸ்ருட்டில் அதைக் கேளாத காது இல்லை. 1996இல் கலியாணம் செய்ய விமானத்தில் வந்து இறங்கினேன். காஞ்சிபுரச் சேலைக்கு மேலே இரவல் கோட். மாப்பிள்ளையைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். பழைய போர்னெபு விமான நிலையத்தில் மீசை வைத்த முதல் தமிழரிடம் நேரே போய், “நான் வந்திட்டன்” என்றேன். அந்த மனிதர் யாரோ கொண்டுவந்த மிளகாய்த்தூள் பார்சலை எடுக்க வந்தவர். பயந்து இரண்டடி பின்னால் போனார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை யோசேப்பு பூச்செண்டோடு நிற்கிறார்! தேவாலய நத்தார் விழா, ஐம்பதாவது பிறந்தநாள்கள், ஒருமுறை செத்தவீட்டுத் தேத்தண்ணி நேரத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

“அது ஸ்டாண்டப் கொமெடி அம்மா. மற்றப் பிள்ளையள் சண்டை, கடல் எண்டு எழுதுவினம்.”

குத்திவிட்டது. ஐம்பத்தொரு வயதில், மகளுக்குக் கொடுக்க ஒரு பகிடியைவிட வேறொன்றும் இல்லாதவளா நான்? வாய் தன்பாட்டில் திறந்தது. “நாங்கள் கிளாலி கடந்து வந்தனாங்கள்.”

நாங்கள் என்றால் எங்கள் சனம். யாருக்கு நடந்தாலும் அப்படித்தான் சொல்வோம் – நாங்கள் இடம்பெயர்ந்தனாங்கள், நாங்கள் பங்கருக்குள்ளை கிடந்தனாங்கள். சண்டைக்குத் தப்பிச் சனம் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் கடந்த அந்த வருடம் நான் கொழும்பில் மாமி வீட்டில் இருந்து தட்டெழுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் தொடங்கியதை நிறுத்தவில்லை. கடல்நீரேரி, இருட்டு, வள்ளம், தூரத்தில் நேவியின் வெளிச்சம், அழத் தொடங்கிய சின்னத் தம்பி, அவன் வாயைக் கையால் பொத்திய பெட்டை. சிறிதேவி தனக்கு நடந்த இதை எனக்கு ஒரேயொரு தடவைதான் சொன்னாள், எங்கள் கட்டடத்தின் உடுப்புத் தோய்க்கும் அறையில், துவாய் மடித்தபடி.

ஷரோனின் கண் கலங்கிவிட்டது. “தம்பி எண்டா, பேர்கனிலை இருக்கிற மாமாவா?”

“ம்.”

ஓம் என்றுகூடச் சொல்லவில்லை. வெறும் ம்.

ஒக்டோபர் 6

பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். ம் என்பது முழுப் பாவமா, அரைப் பாவமா? என் முறை வருவதற்குள் மூத்திரம் முட்டுகிறது என்று விலகி வந்துவிட்டேன். அதுவும் பொய்.

ஒக்டோபர் 12 – சனி

கட்டுரை தயார். ஆங்கிலத்தில் வாசித்து, தமிழிலும் சொன்னாள். “என் தாயின் கை” என்று தொடங்குகிறது. என் கையைப் பார்த்தேன். முதியோர் இல்லச் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவுகிற கை.

யோசேப்பு என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சோற்றைப் பார்த்தார். இருபத்தெட்டு வருடமாக அந்த மனிதர் எல்லாவற்றுக்கும் சோற்றைத்தான் பார்க்கிறார்.

ஷரோன் பேர்கனுக்கு போன் எடுத்து மாமாவுக்கு நன்றி சொல்லப்போகிறாளாம். “வேண்டாம் பிள்ளை, அவன் அதைக் கதைக்கமாட்டான், மனம் நோகும்” என்றேன். என் தம்பி றஜீவ் அந்தக் காலத்தில் கொழும்பு விடுதியில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தான். வாய் பொத்தப்பட்ட உண்மையான தம்பி, சிறிதேவியின் தம்பி கிருபன், திராமன் நகரில் டாக்சி ஓடுகிறான். அன்று பொத்திய வாயை இன்றுவரை மூடவில்லை. (இது சிறிதேவியின் பகிடி. அதையும் எடுத்துவிட்டேன்.)

ஒக்டோபர் 19 – சனி

சிறிதேவி றோல்ஸ் கொண்டுவந்தாள். நான் கேத்திலை வைக்கத் திரும்பிய நேரம் ஷரோன், “அன்ரி, அம்மாவைப் பற்றி எழுதினனான், கேளுங்கோ” என்று வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

நான் கேத்திலோடு நின்றேன். தண்ணீர் கொதித்து, தானாக நின்றும்விட்டது. தேவி கடைசிவரை கேட்டாள். றோல்ஸைக் கடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

“வடிவா எழுதியிருக்கிறாய் பிள்ளை,” என்றாள். “ஒண்டு மட்டும். பொத்தின கைக்குள்ளை அவன் கடிப்பான். நோகும். ஆனா கையை எடுக்கேலாது. அதையும் போடு.”

ஷரோன் என் பக்கம் திரும்பினாள். “ஓமா அம்மா? கடிச்சவரா?”

தேவி எழுந்து செருப்பைப் போட்டாள். தேத்தண்ணி குடிக்கவில்லை.

ஒக்டோபர் 20

என்ன மனுசியடி நீ, மக்டலீன். சனத்தைச் சிரிக்க வைக்கிறன் எண்டு ஊரெல்லாம் வாயடிச்சுத் திரிஞ்சாய் – கடைசியிலை அவளின்ரை கையையே கழட்டி எடுத்துப் போட்டாயே. அதுவும் என்னத்துக்கு? மகள் ஒருக்கா உன்னைப் பாரமான ஆளா நினைக்கவேணும் எண்டு. வேறை ஒண்டுக்கும் இல்லை.

ஒக்டோபர் 23 – புதன்

வேலை முடிந்து நேரே தேவி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே, “தேவி, நான் நாங்கள் எண்டுதான் சொன்னனான்” என்று தொடங்கினேன். வழி முழுவதும் யோசித்து வைத்த வசனம். சொன்ன பிறகுதான் அதன் நாற்றம் தெரிந்தது.

“ஓம் அக்கா,” என்றாள். “வள்ளத்திலை இடம் இருந்தது. நீங்களும் ஏறியிருக்கலாம்.”

வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினேன்.

உள்ளே கூப்பிட்டு இருத்தினாள். “கோவம் அதில்லை. டிலக்சிக்கு நான் இண்டைவரைக்கும் இதைச் சொன்னதில்லை. ரெண்டு பெட்டையளும் ஒண்டாத் திரியிறவை. நாளைக்கு என்ரை மகள் இதை வாசிச்சாள் எண்டா, உங்கட கதை எண்டுதானே நினைப்பாள்? பிறகு நான் வாயைத் திறந்தா, மக்டலீன் அன்ரியைப் பாத்து அம்மா சொல்லுறா எண்டுவாள்.”

நான் அழுதேன். அவள் அழவில்லை. துவாய் எடுத்துத் தந்தாள்.

ஒக்டோபர் 24

ஷரோனிடம் சொல்லிவிட்டேன். குசினியில் வைத்து, வெங்காயம் உரித்தபடி. கண்ணீருக்கு ஒரு காரணம் கையில் இருக்கட்டும் என்று.

நான் வளைந்து நெளிந்து சொல்லி முடிக்கும்வரை வெங்காயத்தோலைப் பொறுக்கிக்கொண்டு நின்றாள். பிறகு: “நான் அதை எழுதேக்கை அழுதனான் அம்மா. உங்களுக்காக அழுதனான்.”

“தெரியும் பிள்ளை.”

“உங்களிட்டை எதுதான் உண்மை?”

“எயர்போர்ட் உண்மை. மாதாவாணை, அது நூறு வீதம் எனக்கு நடந்தது.”

கதவை மெதுவாகச் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒக்டோபர் 31

அனுப்பிவிட்டாளாம். எதை எழுதினாள் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. யோசேப்புக்கு மட்டும் சொன்னாளாம். அவர் சோற்றைப் பார்த்தாராம்.

டிசம்பர் 8 – ஞாயிறு

தேவி டிலக்சிக்குச் சொல்லிவிட்டாள். என்னையும் பக்கத்தில் இருக்கச் சொன்னாள், ஏன் என்று தெரியவில்லை. நான் சொன்னதுபோல் இருட்டு, தூரத்து வெளிச்சம் என்ற சோடனை ஒன்றும் இல்லை. தடக்கித் தடக்கிச் சொன்னாள். நடுவில் வள்ளக்காரனுடைய பெயர் வராமல் நெடுநேரம் யோசித்தாள். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

பெப்ரவரி 11, 2025

ஷரோனுக்கு நேர்முகம், கணினி வழியாக. வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பு. ஒக்டோபருக்குப் பிறகு என்னைப் பார்த்து முதல் சிரிப்பு.

“எயர்போர்ட்டைத்தான் எழுதினனான் அம்மா. பிழையான ஆளிட்டைப் போய் நிண்டும், சிரிச்சுக்கொண்டு வாழத் தொடங்கின மனுசி எண்டு. அதிலை ஒரு பேராசிரியர் கண்ணைத் துடைச்சு துடைச்சுச் சிரிச்சவர்.”

குளியலறைக்குள் போய் நின்று அழுதேன். பகிடி போதுமாம். நான் போதுமாம்.

ஏப்ரல் 3

இடம் கிடைத்துவிட்டது! கல்லூரியின் பெயரை இன்றும் எழுதமாட்டேன்.

யூன் 14 – சனி

விருந்து. தேவியும் டிலக்சியும் வந்தார்கள். கிருபன் திராமனிலிருந்து வந்து எல்லாருடைய காதையும் தின்றான். சனம் கேட்டு நின்றதால் எயர்போர்ட் கதையை மறுபடி சொன்னேன். நன்றாக எடுபட்டது. தேவியே சிரித்தாள்.

எல்லாரும் போனபிறகு சட்டி கழுவினோம். வெளியே இன்னும் வெயில். யோசேப்பு துடைத்துக்கொண்டே, “இஞ்சேரும், ஒண்டு சொன்னா கோவிக்கமாட்டீர்தானே?” என்றார்.

“சொல்லுங்கோ.”

“போர்னெபுவிலை மீசை வைச்ச ஆள் ஒருத்தரும் நிக்கேல்லை. பிளேன் பிந்தி வந்தது. தமிழ் ஆள் எண்டு நான் ஒராள்தான் நிண்டனான். நீர் நேர என்னட்டைத்தான் வந்தனீர்.”

கையில் இருந்த சட்டியை வைத்துவிட்டேன். இல்லை – மிளகாய்த்தூள் பார்சல், அந்த மனிதர் பின்னால் போனது – எனக்குத் தெரிகிறதே. அவருடைய சப்பாத்துக்கூடத் தெரிகிறது. அடுத்த அறையில் ஷரோன் பாட்டுப் போட்டுக்கொண்டு பெட்டி அடுக்கினாள். மாதாவாணை என்று சொல்லியிருக்கிறேன்.

“அப்ப ஏன் இவ்வளவு காலமும் நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?”

அவர் துடைத்த கோப்பையையே திரும்பவும் துடைத்தார்.

“வந்த முதல் வருஷம் நத்தாருக்கு, சனத்துக்கு முன்னாலை நீர் அதைச் சொன்னனீர். எல்லாரும் சிரிச்சவை. நீரும் சிரிச்சனீர். இஞ்சை வந்த பிறகு நீர் முதல்முதல் சிரிச்சது அண்டைக்குத்தான்.”