வால்வு விட்ட பந்து

என் மூத்தவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சாப்பிட்டு, வேலைக்குப் போய், சண்டை போட்டு, சௌக்கியமாகத்தான் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நம்பாமல் வேறென்ன செய்வது, போனில் எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கோம்மா" என்று ரெண்டு வார்த்தையில் கதவைச் சாத்திவிடுகிறாய். போன் இருக்கும்போது இந்தக் காகிதம் எதற்கு என்று நினைப்பாய். டெப்போ டைம் ஆபீஸில் இருபத்திமூணு வருஷம் மைக் பிடித்துப் பஸ் நேரம் சொன்னவளுக்கு மெதுவாகப் பேச வருமா, நான் ரகசியம் சொன்னால் தெருமுனைக்குக் கேட்கும். இது உங்கப்பா காதில் விழக் கூடாத சங்கதி. அவர் பக்கத்து அறையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அரை மணி நேரமாக ஒரு பக்கம்கூடப் புரளவில்லை.

உன் தம்பி உடம்பைக் குறைக்கிறேன் என்று ஓடாத சைக்கிள் ஒன்று வாங்கி வந்து கூடத்தை அடைத்துப் போட்டிருக்கிறான். ரெண்டு நாள் மிதித்தான், இப்போது அதில் துண்டு காயப் போடுகிறோம், நல்லாக் காய்கிறது. அவன் பெண்டாட்டி பாவம், ஒன்றும் சொல்வதில்லை, அவளுக்கும் சேர்த்து நான்தான் சொல்லிவிடுகிறேனே. சரி, எழுத வந்ததை எழுதுகிறேன், இது ஹாக்கிக் கதை, பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரை படி.

நம் டெப்போ டீமின் லட்சணம் உனக்குத் தெரியும். போன வருஷம் பன்னிரண்டு டீமில் பதினோராவது, அந்தப் பன்னிரண்டாவது டீம் பாதி மேட்சுக்கு வரவே இல்லை. இந்த வருஷம் மேனேஜருக்கு ரோஷம் வந்து கமிட்டி போட்டார். மேனேஜர், கோச் என்று சொல்லிக்கொள்கிற ஹெட் மெக்கானிக், பாடி கட்டுகிற மேஸ்திரி, இந்த மூணு பேரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் மேசைக்குத்தான் அதிக மூளை. இவர்கள் தண்ணீர் வாரிய டீமில் இருந்த ஃபுல் பேக்கை, அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஆளை, பேசி இழுத்துக்கொண்டு வந்தார்கள். டயர் செக்‌ஷனில் வேலை, ஆறு மாசம் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நிரந்தரம் என்று பேச்சு. கேட்டில் அவன் படம் போட்டு பேனர் கட்டினார்கள் பார், மூஞ்சியை அகலமாக இழுத்து அச்சடித்ததில் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரிந்திருக்காது. ஆள் கதவு மாதிரி இருப்பான், பேச்சு கிடையாது, நாம் நாலு கேள்வி கேட்டால் ஒரு "ம்" போடுவான். தண்ணீர் வாரியத்திலிருந்து வந்ததால் கண்டக்டர்கள் அவனுக்கு வால்வு என்று பேர் வைத்துவிட்டார்கள், சொந்தப் பேர் சம்பளப் பட்டியலில்தான் இருக்கிறது.

வந்த நாளிலிருந்து தொல்லை. பத்தொன்பது வருஷமாக கோலில் நிற்கிறவர் உங்கப்பா. பந்து பக்கத்தில் வந்தால் முன்னால் நிற்கிற பேக்கைப் பார்த்து "விடு!" என்று கத்துவார், நீ தொடாதே நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம், இது டெப்போவில் பஸ் கழுவுகிறவனுக்குக்கூடத் தெரியும். இவனோ அவர் "விடு" என்று கத்தினால் உடனே பாய்ந்து மட்டையைப் போட்டுப் பந்தைக் கோலுக்குப் பக்கத்தில் கோட்டுக்கு வெளியே தள்ளிவிடுவான். நம் ஆளே வேண்டுமென்று அப்படித் தள்ளினால் எதிரணிக்கு பெனால்டி கார்னர், நாம் அஞ்சு பேர் கோட்டில் நின்று அடி வாங்க வேண்டியதுதான். அஞ்சு மேட்சில் பதினாலு கார்னர் கொடுத்தான், அதில் நாலு கோல். பதினாலு வரைக்கும் கண்டக்டர்கள் டிக்கெட் எண்ணுகிற மாதிரி சத்தமாக எண்ணினார்கள், நானும் கூடச் சேர்ந்து எண்ணினேன், மறைப்பானேன். கோச் வைத்தியம் பார்த்தார். மட்டையை மாற்றினார், வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் மாற்றினார், பஸ் ஷெட்டைச் சுற்றி முப்பது சுற்று ஓடவிட்டார், கடைசியில் ஒற்றுமை வரட்டும் என்று உங்கப்பாவையும் அவனையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து டீ குடிக்கச் சொன்னார். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு குடித்தார்கள்.

மேஸ்திரி இதற்குள் வேறு கணக்கு போட்டார். அவர் அக்கா மகன் ஒருத்தன் இருக்கிறான், கோல்கீப்பர், ஆட்டத்துக்கு முன்னால் ஹெல்மெட்டைக் கழற்றிக் கழற்றித் தலைமுடியைச் சரிசெய்வான். பேக் மேல் தப்பா, நாற்பத்தொன்பது வயசு கீப்பர் மேல் தப்பா என்று மேஸ்திரி கேட்க ஆரம்பித்துவிட்டார். சனிக்கிழமை அந்தத் தண்ணீர் வாரிய டீமோடேயே மேட்ச், அதைப் பார்த்துவிட்டு ரெண்டில் ஒருத்தரை எடுத்துவிடலாம், ஒன்று வால்வு, இல்லையென்றால் உங்கப்பா என்று கமிட்டி முடிவு செய்தது. வாரத்தில் ஆறு நாள் ஸ்டோர்ஸ் ஜன்னலில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற மனுஷன், அவர் முகத்தைக்கூட யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார்கள். சனிக்கிழமை ஒரு நாள்தான் அவர் பெரிய ஆள். அதையும் ஒரு டயர் செக்‌ஷன் தடியன் வந்து பிடுங்குவதா என்று எனக்கு அவன் மேல் அப்படி ஒரு எரிச்சல்.

அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. புதன்கிழமை மத்தியானம் டயர் செக்‌ஷன் பக்கம் போகிறேன், இவன் குழாய் பிடித்திருக்கிற ஆளைப் பார்த்து "தண்ணி விடு, இன்னும் விடு" என்கிறான். பொறி தட்டியது. தண்ணீர் வாரியத்துக்காரனுக்கு விடு என்றால் திறந்து விடு, அனுப்பு. நமக்கு விடு என்றால் விட்டுத் தொலை. உங்கப்பா தொடாதே என்று கத்துகிறார், இவன் அனுப்பு என்று கேட்டுக்கொள்கிறான்! மூணு பெரிய மனுஷர்கள் ரெண்டு மாசம் மட்டையை மாற்றி இடத்தை மாற்றிக் கண்டுபிடிக்காததை நான் குழாயடியில் கண்டுபிடித்துவிட்டேன், எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்று சாயங்காலமே உங்கப்பாவிடம் சொன்னேன், ரெண்டு தடவை சொன்னேன். அவர் துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால் "சரி, அதை விடு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். பெண்டாட்டி சொன்னால் ஏறுமா, மேனேஜர் சொன்னால்தான் ஏறும் என்று திட்டிவிட்டு, மறுநாள் நேராக வால்விடமே போனேன். கேன்டீனில் எல்லோரும் இருக்கும்போதே நிறுத்திவைத்து, இது தண்ணீர்த் தொட்டி இல்லை, எங்க வீட்டுக்காரர் விடுன்னா விடணும், உனக்குத் தமிழ் தெரியுமில்ல என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை, "நீங்களே சொல்றீங்களா அக்கா" என்று கேட்டான். பின்னே மைக்கிலா சொல்லணும் என்றேன். "சரிக்கா" என்றான்.

சனிக்கிழமை கோலுக்குப் பின்னால் வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், என் வைத்தியம் பலிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டாமா. முதல் பாதி முடிகிற நேரம் இடது பக்கத்திலிருந்து ஒரு பந்து வந்தது. பெரிய அடியெல்லாம் இல்லை, யாரோ பாதி மனசாகத் தள்ளிவிட்ட பந்து, உருண்டுதான் வந்தது. உங்கப்பா "விடு!" என்று கத்தினார். வால்வு மட்டையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றான். பந்து உங்கப்பாவின் இடது காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போய்ப் கோலின் பின்பலகையில் "டக்" என்று தட்டியது, கோல். அவர் குனியவே இல்லை. குனிய முயற்சி செய்தார், அந்தக் கால் மடங்கவில்லை, கதவில் கை வைத்த மாதிரி காற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றார். ரெண்டாம் பாதியில் இன்னொன்று, அதே பக்கம், அதே "விடு", அதே சத்தம். மேஸ்திரி திரும்பிப் பார்த்துத் தன் அக்கா மகனுக்குக் கண் காட்டுவதை நான் பார்த்தேன்.

ஆட்டம் முடிந்ததும் விடுவேனா, வால்வைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாள் அடிச்சுத் தொலைச்சியே, இன்னைக்கு மட்டும் ஏன்டா மரம் மாதிரி நின்னே என்று கேட்டேன். எனக்கே தெரியும் நான் சொன்னதைத்தான் செய்தான் என்று, இருந்தாலும் கேட்டேன். அந்தப் பிள்ளை ஷூவைக் கழற்றிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னான். "அக்கா, அந்த வார்த்தை எனக்கு முதல் மேட்ச்லயே புரிஞ்சுது. அண்ணன் விடுன்னு கத்துவாரு, ஆனா அவருக்கு இடது கால் வராது. கார்னர் குடுத்தா நாலுக்கு ஒண்ணுதான் கோல் ஆகும், விட்டா நாலும் கோல். அதான் வெளிய தள்ளினேன். நீங்களே வந்து விடச் சொன்னீங்க, வீட்டுக்காரம்மாவே சொல்றாங்கன்னா கால் சரியாயிடுச்சு போலன்னு நெனச்சேன், முதல்ல போனது ஏதோ தவறிப் போச்சுன்னு." இதுதான் அவன் சொன்னது, ஒரு எழுத்து கூட்டவில்லை. நான் நாற்காலியை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு வருகிற வழியில் உங்கப்பாவைக் கேட்டேன். முட்டி எட்டு மாசமாக இப்படித்தானாம். தன் முட்டி வெளியே தெரியாமல் வால்வு மறைத்து ஆடுகிறான் என்பது ரெண்டாவது மேட்சிலேயே அவருக்குத் தெரியுமாம். அவனும் கேட்கலை, நானும் சொல்லலை என்றார். ஊரே அந்தப் பிள்ளையைக் காறித் துப்ப, இவர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் நடுரோட்டில் நிறுத்தி நன்றாகக் கேட்டுவிட்டேன். திங்கட்கிழமை கமிட்டியில் நீங்களே சொல்லணும், இல்லையென்றால் பதினேழாம் நம்பர் பஸ்ஸுக்கும் இருபத்திரண்டாம் நம்பர் பஸ்ஸுக்கும் நடுவில் நான் மைக்கில் சொல்வேன் என்றேன். செய்கிறவள்தான் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் அவர் போனது அதற்குப் பயந்து இல்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். இன்று காலை என்னை எழுப்பாமலே கோலில் நிற்கும்போது காலில் கட்டுகிற பட்டைகளை எல்லாம் துடைத்துப் பையில் வைத்திருந்தார். டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு அடுத்த அறையில்தான் கமிட்டி, எல்லாம் கேட்டது. பையை மேசை மேல் வைத்துவிட்டு, "அவன் மேல தப்பே இல்லை. என் முட்டி மடங்கலை. பதினாலு தடவை என் மானத்தை அவன்தான் காப்பாத்தினான், நான் அவனைத் திட்டு வாங்க விட்டேன்" என்று சொன்னார். அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டார். மேனேஜர் அடுத்த நிமிஷமே, "அந்தப் பையனுக்கு ஆட்ட அறிவு ஜாஸ்தின்னு நான் அப்பவே சொன்னேனே" என்றார். கோச், "நானும்தான் சொன்னேன்" என்றார். மேஸ்திரி அக்கா மகனுக்கு போன் போடப் போய்விட்டார். வால்வுக்கு வேலை நிரந்தரம் என்று எழுதியாயிற்று. உங்கப்பாவுக்கு ஆலோசகர் என்று ஒரு பட்டம் கொடுத்தார்கள், மைதானத்தில் தனி நாற்காலி உண்டாம், ரொம்பப் பெரிய மனசு.

இத்தனை பேரையும் திட்டி எழுதிவிட்டேன், இப்போது என்னை எழுதுகிறேன். எட்டு மாசமாக அவர் கீழ்த் தட்டில் இருக்கிற எதையும் தானே எடுப்பதில்லை, என்னைக் கூப்பிடுவார், சோம்பேறி என்றேன். நகம் வெட்டக் காலை ஸ்டூல் மேல் தூக்கி வைப்பார், மகாராஜா என்றேன். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக நின்று நின்று வருவார், ஊர்வலமா என்று கேட்டேன். எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேலி வைத்திருந்தேன். நேற்று வந்தவன் ஒரே மேட்சில் பார்த்ததை இருபத்தேழு வருஷம் கூட இருந்தவள் பார்க்கவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "உன்கிட்டயா" என்றார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒருவேளை உன்னிடம் சொல்லியிருந்தால், சொன்னார் என்று எனக்கு எழுதாதே. நீயும் மாப்பிள்ளையும் ஒருத்தருக்கு ஒருத்தர் மனசு விட்டுப் பேசி நல்லா இருக்கணும், அதுதான் என் ஆசீர்வாதம், வேறு ஒன்றும் கேட்க மாட்டேன். அங்கே குளிர் என்றால் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஒன்றே ஒன்று மறக்காமல் செய், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, அவரைக் கூப்பிட்டு முட்டி எப்படி இருக்கிறது, டாக்டரிடம் எப்போது போகிறீர்கள் என்று கேள். டெப்போவிலிருந்து வந்த பிறகு நாலு தடவை அந்த அறை வாசல் வரைக்கும் போய்விட்டு வந்துவிட்டேன், நான் கேட்டால் அது கேள்வி மாதிரி வராது.

இப்படிக்கு,
உன் அம்மா