மதினி வீட்டுப் பாட்டில்

வியாழன், இரவு

தூக்கம் எங்கே வரும்!

நேற்று இருட்டியதும் மாடித் தொட்டியில் கோமாளி மீன் முட்டைகள் பொரித்தன. அந்தக் குஞ்சுகளின் வாய்க்குள் நுழையக்கூடியது ரோட்டிஃபர் என்கிற பொடி உயிர் மட்டும்தான். காலையில் அதை வளர்க்கும் வாளியைத் திறந்தால் ஒரே நாற்றம். குஞ்சு பொரித்த சந்தோஷத்தில் என் வீட்டுக்காரர் அதற்குத் தீனியான ஈஸ்ட்டை அள்ளிப் போட்டிருக்கிறார். அத்தனையும் செத்துவிட்டது.

நம்மிடம் கெட்டால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று உறைமோர் கொடுத்து வைப்பதுபோல, மழைக்காலத்துக்கு முன்பு ஒரு பாட்டில் ரோட்டிஃபரை நவி மும்பை கோபர்கைரனேயில் இருக்கும் மதினியிடம் கொடுத்திருந்தேன். பிறகு சண்டை வந்து பேச்சே நின்றுபோனது. வெட்கத்தை விட்டு போன் செய்தேன்.

"மதினி, அந்தப் பாட்டிலக் கொட்டிட்டீங்களா?"

"ஏட்டி, சண்டை ஒங்கூடத்தான. அந்த வாயில்லாச் சீவன் என்ன செஞ்சுது? தெனமும் தீனி போடுதேன். வந்து எடுத்துட்டுப் போ."

திரும்பும்போது குர்லாவில் இறங்கும்வரை ரயில் கூட்டத்தில் பாட்டிலை நெஞ்சோடு அணைத்திருந்தேன். தொட்டியில் ஊற்றினேன். ஒரு குஞ்சு உடம்பை வளைத்தது. சட்டென்று பாய்ந்து கவ்வியது! கொஞ்ச நேரத்தில் கண்ணாடி வயிறுகளெல்லாம் வெள்ளையாக நிறைந்துவிட்டன.

மதினிக்கு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாயிற்று. ஹலோகூட இல்லை.

"தின்னுச்சாட்டி?"