தண்ணீர் ஊற்றிய மருமகள்

ஜூன் 4

என் அக்கா பெற்ற அதிசயமே, அருமை மருமகளே,

நேற்று லாரியில் உனக்கு ஏற்றி அனுப்பியிருப்பது வெறும் கணினி அல்ல; மாமனின் உயிர். பிராசஸரின் தலைமேல் தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் ரகம். ஒரு பம்ப், இரண்டு குழாய், மூன்று ஃபேன் வைத்த ரேடியேட்டர். நான் திருகு முடுக்கிய அழகைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் கண்கலங்கிவிட்டார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார் என்கிறாள் உன் அத்தை. நம்பாதே.

இனி நீ வரைந்து அசையவிடும் பாத்திரங்கள் திரையை விட்டு இறங்கிவந்து உன் வீட்டுப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் போகும். என் நண்பர் ஸ்டூடியோ முதலாளியிடம் உனக்காகப் பேசி வாங்கிய விளம்பரப் படத்தை மாதக் கடைசிக்குள் முடித்துக் கொடு. பிடித்துப்போனால் முழுநீளப் படமே உன் கைக்கு வரும்.

இரண்டு கட்டளை. பெட்டியின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காதே. நம் குடும்பத்தில் உரித்தவன் உருப்பட்டதில்லை. பம்பின் திருகுமேல் என் கையெழுத்தோடு ஒட்டிய முத்திரையையும் உடைக்காதே.

ஃபோனில் கூப்பிடாதே. அதில் என் பெருமையைப் பாதியில் வெட்டிவிடுகிறீர்கள்.

இப்படிக்கு,
கணினிகளின் காவலன், திருகாணிகளின் திலகம்,
உன் தாய்மாமன்


ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

பெட்டி பத்திரமாக வந்தது. அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "என் தம்பி கை வச்சா துரும்பும் ஓடும்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

துரும்பு ஓடலாம். இது ஓடவில்லை மாமா. போட்டதும் ஜம்மென்று எழுந்திருக்கிறது. வரைந்த காட்சிகளைப் படமாக்கி வெளியே எடுக்க ஆரம்பித்தால் பிராசஸர் சூடு கிடுகிடுவென்று நூறு டிகிரிக்கு ஏறி, எல்லாம் அணைந்துவிடுகிறது. இதுவரை ஒரு காட்சிகூட முழுசாக வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், குழாயைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. ரேடியேட்டரும் ஜில். பம்ப் சுற்றுவதாகத் திரை சொல்கிறது. பிராசஸர் மட்டும் கொதிக்கிறது.

முத்திரையை உடைத்து, பம்பைக் கழற்றிப் பார்க்கட்டுமா? உங்கள் உத்தரவுக்காகத்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்


ஜூன் 13

பதற்றத்தின் பட்டத்து ராணியே,

குழாய் ஜில்லென்று இருக்கிறதா? அப்படியானால் வைத்தியம் பலித்துவிட்டது. நோயாளிக்குத்தான் இன்னும் புரியவில்லை!

நூறு டிகிரியாம். உன் அறையில் சூரியன் வாடகைக்குக் குடியிருக்கிறானா? முதலில் ஜன்னலைத் திற. மேசையைச் சுவரிலிருந்து தள்ளிப் போடு. ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறதா என்று ஒரு காகிதத்தைப் பிடித்துப் பார். பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார். உள்ளே காற்றுக்குமிழி சிக்கியிருந்தால் தலைதெறிக்க ஓடிவிடும். ஆனால் முத்திரையில் நகம் பட்டால் மாமன் செத்தான் என்று தலைமுழுகிவிடு.

முதலாளியை நேற்றுப் பார்த்தேன். "என்னய்யா, உங்க மருமக படத்தையே காணோம்?" என்றார். விடுவேனா? ஒரு கதை அவிழ்த்துவிட்டேன். ஸ்டூடியோவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. சிரித்த சிரிப்பில் உனக்கு ஒரு வாரம் கூடுதலாகக் கொடுத்துவிட்டார். மாமன் இருக்கப் பயமேன்!

இப்படிக்கு,
ஆபத்பாந்தவன்,
உன் மாமா


ஜூன் 20

அன்புள்ள மாமாவுக்கு,

ஜன்னல், மேசை, காகிதம், சாய்த்தல் எல்லாம் ஆயிற்று. சூடு இறங்கவில்லை. முத்திரையை உடைத்துவிட்டேன். மன்னியுங்கள்.

பிராசஸரின் மேல் சூடு கடத்தும் பேஸ்ட். பேஸ்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள். தாளின் மேல் பம்பின் செம்புத் தகடு. தகட்டோடு ஒட்டிவந்த தாளை நீங்கள் உரிக்கவே இல்லை. "பொருத்துமுன் உரிக்கவும்" என்று அதிலேயே சிவப்பில் அச்சடித்திருக்கிறது. சூடு தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தால்தானே குழாய் சுடும்?

சத்தமாகச் சிரித்துவிட்டேன் மாமா. ரிமோட்டை உறையோடும், ஃபிரிட்ஜைத் தாளோடும் வைத்திருக்கும் வம்சம்தானே நாம். உரித்து, துடைத்து, புது பேஸ்ட் வைத்து முடுக்கினேன். இப்போது எவ்வளவு வேலை கொடுத்தாலும் அறுபதைத் தாண்டவில்லை. விளம்பரத்தை முடித்து அனுப்பியாயிற்று.

அதோடு போயிருந்தால் சிரிப்போடு போயிருக்கும்.

நேற்று முதலாளி ஃபோன் செய்தார். "ஏம்மா, தண்ணியில குளிர்ற கம்ப்யூட்டர்னு சொன்னதும், மேலேர்ந்து ஒரு குடம் தண்ணிய ஊத்திட்டியாமே?" பின்னால் பத்துப் பேர் சிரிக்கும் சத்தம். இல்லை சார் என்றேன். "உங்க மாமாவே சொன்னாரே!" என்றார். "விளம்பரம் நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா முழுப் படம்னா மிஷின் தெரிஞ்ச ஆளா இருக்கணும்மா. ஒண்ணாந்தேதி சொல்றேன்."

ஒரு வாக்கியம் போதும் மாமா. "தாளை உரிக்காமல் விட்டது நான், கண்டுபிடித்துச் சரிசெய்தது அவள்" என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். ஒன்றாம் தேதிக்குள்.

மருமகள்


ஜூன் 26

தாளைக் கண்டெடுத்த தங்கமே,

சபாஷ்! ஒப்புக்கொள்கிறேன், நமக்குள். அந்தத் தகடு புதுமாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. உரிக்க மனசு வரவில்லை.

ஆனால் வெளியே எப்படிச் சொல்வது? ஸ்டூடியோவுக்குப் புதிதாக எட்டுக் கணினி கட்டித் தரும்படி முதலாளி என்னிடம்தான் சொல்லியிருக்கிறார். தாளை உரிக்க மறந்தவன் என்று தெரிந்தால் என் மீசை மட்டுமா போகும், அது முளைத்த முகமும் சேர்ந்தல்லவா போகும்! நீ சின்னப் பெண். உனக்கு ஆயிரம் ஸ்டூடியோ வரிசையில் நிற்கும். ஊரே சிரித்த சிரிப்புக்கு நீ மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளலாமா?

நேரம் பார்த்துச் சொல்கிறேன். நான் சொல்லும் விதத்தில் சொன்னால் முதலாளி உனக்குச் சிலையே வைத்துவிடுவார்.

இப்படிக்கு,
என்றும் உன் கட்சி,
மாமா


ஜூலை 3

மாமாவுக்கு,

படம் வேறொருவருக்குப் போய்விட்டது. முதலாளி இரக்கத்தோடுதான் சொன்னார். "முதல்ல மிஷினைப் பழகிக்கம்மா." எட்டு வருடமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

மருந்துக்கடையில் பில் போட ஆள் கேட்டிருந்தார்கள். நேற்றிலிருந்து போகிறேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவன் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்டி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நீ நெஜமாவே ஊத்தலையில்ல?" என்று கேட்டாள்.

கணினியை உங்கள் விலாசத்துக்கே அனுப்பிவிட்டேன். இனி எனக்கு எழுதாதீர்கள். நீங்கள் எழுதுவதைப் படித்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வருகிறது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.


ஜூலை 14

மருமகளே,

பெட்டி வந்தது. கூடத்தில் அப்படியே இருக்கிறது. உன் அத்தை அதைச் சுற்றிச் சுற்றிப் போகிறாள், என்னிடம் பேசுவதில்லை.

நேற்று ஸ்டூடியோவுக்குப் போனேன். முதலாளி முன்னால் நின்று, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். "தாளை உரிக்காம விட்டது நான்தாங்க. அவ தண்ணி கிண்ணி எதுவும் ஊத்தல. அவதான் கண்டுபிடிச்சு சரி பண்ணினா."

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் எழுந்துவந்து தோளில் கை வைத்தார். "தாய்மாமன்னா இப்படி இருக்கணும்யா! மருமக பேரைக் காப்பாத்த, பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறாரு பாருங்க" என்று ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் கை தட்டினான்.

"இல்லைங்க, நெசமாவே நான்தான்" என்றேன்.

"போதும்யா, உங்க பெரிய மனசு எனக்குத் தெரியாதா" என்று காபி கொண்டுவரச் சொன்னார்.

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். காபி வந்துவிட்டது. குடித்தேன். எட்டுக் கணினியைப் பன்னிரண்டாக்கித் தருகிறேன் என்றார். தலையாட்டினேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

இதை உன்னிடம் மறைத்திருக்கலாம். ஆனால் என் வாயிலிருந்து வருவதில் எது மெய், எது பொய் என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான் மிச்சம்.

எழுதாதே என்றாய். இந்த ஒன்றுக்கு மட்டும், திட்டியாவது ஒரு வரி எழுது.

மாமா