ருசி பார்க்காத ரொட்டி

அன்புள்ள ஷரீஃபாவுக்கு,

ஸலாம். நீயும் ஃபராவும் நலமா? அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? இங்கே வேல்ஸில் குளிர்தான், எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வீடியோ போனில் சொன்னால் உன் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டி வரும். அதனால் எழுதுகிறேன்.

நான் ஓட்டலில் போட்டுவந்த சூடான சீஸ் ரொட்டி உனக்குத் தெரியும். மேலே இன்னொரு ரொட்டி வைத்து மூட மாட்டார்கள். முயல்கறி வாங்க முடியாத ஏழைகள் கண்டுபிடித்தது என்கிறார்கள். அதன் இங்கிலீஷ் பெயரில் மட்டும் முயல் இருக்கிறது. முட்டை வைத்தால் ஒரு பெயர், தக்காளி சேர்த்தால் வேறு பெயர். எப்படிச் செய்தாலும் எங்கள் ஓட்டலில் சீஸை உருக்குவது பீரில்தான். அதனால் என்னோடு வேலை பார்த்த பெரும்பாக்கத்துத் துரைதான் எனக்காக ருசி பார்ப்பான். "உப்பு கம்மியா கீது பாய்" என்பான், போடுவேன்.

போன மாதம் துரையை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு கைக்கணக்கில் செய்தேன். வெள்ளிக்கிழமை ஆறு தட்டு திரும்பி வந்தது. தலைமைச் சமையல்காரர் கரண்டியை நீட்டி, ருசி பார் என்றார். வாங்காமல் நின்றேன்.

இப்போது பாத்திரம் கழுவுகிறேன். வேலை சுலபம்தான். விசா சமையல்காரனுக்குக் கொடுத்தது, மார்ச்சில் முடிகிறது. குரோம்பேட்டையில் நம் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள் என்றாய். எங்கே போவது என்று தெரியவில்லை.

யாராவது வந்தால் விரல் வெடிப்புக்குக் களிம்பு கொடுத்தனுப்பு. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. அந்த ரொட்டி எப்படி இருக்கும் என்று ஃபரா கேட்டுக்கொண்டே இருந்தாள். துரையைப் பார்த்தால் கேட்டு அவளிடம் சொல். எனக்கும் எழுது.

ஜாகிர்